செம்மண் ஒட்டிய துடுப்பு

மாமு,

நம் துடுப்பின் இரண்டு பாதியும் இன்று என் வீட்டுக் கதவோரம் சேர்ந்து நிற்கின்றன. இரண்டின் நுனியிலும் செம்மண் காய்ந்து ஒட்டியிருக்கிறது. ராயபுரத்தில் வேறு எந்த வீட்டுத் துடுப்பிலாவது மலைமண் உண்டா? வீட்டில் கழுவி வைக்கச் சொல்கிறார்கள். கழுவமாட்டேன்.

நம் குட்டிப் படகு, யாரோ உல்லாசப் படகுக்காரர்கள் உடைந்ததென்று வீசிய கயாக். மீன்பிடிப் படகுக்கு ஒட்டுப் போடுகிற கையல்லவா உனக்கு, ஃபைபரை அடுக்கடுக்காகப் பூசி அதை எருமைக்கன்று கனத்துக்குக் கொண்டுவந்தாய். புயலே அடித்தாலும் இது ஆடாது என்றேன். "நவுரவும் நவுராது" என்றாய்.

துடுப்பு நடுவில் கழன்று இரண்டாகும். தண்ணீரில் மாற்றி மாற்றி வலிப்போம். மலையில் ஆளுக்கொரு பாதி ஊன்றுகோல். ஊர் திரும்பியதும் அவரவர் பாதி அவரவர் வீட்டுக்கு. ஒருவனை விட்டு ஒருவன் போகக்கூடாதென்று நீ போட்ட சட்டம்.

மார்கழி பிறந்தால் எண்ணூரில் இறக்கி, கரையோரமாகவே பழவேற்காடு போய், ஏரிக்குள் புகுந்து, தடா பக்கம் படகைக் கவிழ்த்துவிட்டு மலையேறுவோம். கடல்காரனுக்கு மலையில் இன்னா வேலை என்று கல்மண்டபம் டீக்கடையே சிரித்தது. நான் சும்மா இருப்பேனா? திருவொற்றியூர்த் தேர் உயரத்துக்கு அலை, குளிரில் விறைத்துப்போன கரடி, அதை நான் துடுப்பால் தட்டி எழுப்பியது என்று அளந்துவிடுவேன். நீ டீயை ஆற்றிக்கொண்டே, "பாதியா கொறைச்சிக்கோ மாமு" என்பாய். அந்த நிமிடமே கரடி நாயாகிவிடும்.

கடைசித் தடவை உச்சிக்குச் சற்றுக் கீழே, பாறைமேல் உட்கார்ந்துவிட்டாய். வாடைக்காற்று காதை அறுத்தது. உன் நெஞ்சு பழைய இன்ஜின் மாதிரி இரைந்தது.

"நீ ஏறிப் போ. மேலேர்ந்து நம்ம கடலு தெரியுதானு பாத்துகினு வந்து சொல்லு."

உன்னை விட்டுவிட்டு எங்கே ஏறுவது? சேர்ந்தே இறங்கினோம். அடுத்த மார்கழிக்கு நீ இல்லை.

மலைதான் உன்னைக் காவு வாங்கிவிட்டது என்று ஊர் பேசியது. நான் ஒத்துக்கொள்ளவில்லை, இன்றைக்கும் இல்லை. படகு படகாகத் தேய்த்து நீ விழுங்கிய ஃபைபர் தூளின் பழியை அவர்கள் யார் தலையில் போடுவார்கள்? மலையில் படுத்த நாட்களில்தான் நீ இருமாமல் தூங்கினாய். பக்கத்தில் படுத்தவன் நான்.

இந்த மார்கழியில் உன் பாதியைக் கேட்டு உன் வீட்டுக்குப் போனேன். உன் மனைவி மேரி அதை மாதா படத்துக்குக் கீழே சாய்த்து வைத்திருந்தாள். தரமாட்டேன் என்றாள்.

"அவரே போயிட்டாரு. நீயும் ஒத்தையில போயி வுழுந்து கெடந்தா யாருண்ணே தூக்கிகினு வர்றது?"

"கடலு தெரியுதானு கேட்டுட்டுப் போயிருக்கான்மா. பதில் சொல்லாம எப்டி இருக்குறது?"

மேரி அதை எடுத்துப் புடவைத் தலைப்பால் துடைத்துக் கையில் கொடுத்தாள். "அவருகிட்டயாவது பொய் சொல்லாதண்ணே" என்றாள்.

போனேன். அலை தேர் உயரம். சரி, பாதித் தேர். நீ உட்கார்ந்த பாறையில் உன் பாதியைச் சாய்த்துவைத்து மூச்சு வாங்கினேன். பிறகு இரண்டையும் ஊன்றிக்கொண்டு ஏறினேன். உச்சியில் ஒரே பனிமூட்டம், நீட்டிய கை தெரியவில்லை. இறங்கிவிடு என்றது முழங்கால். மாட்டேன் என்று உட்கார்ந்துகொண்டேன். வெயில் ஏற ஏற, கிழக்கு ஓரமாகப் பனி கிழிந்தது. முதலில் ஏரி. அதற்கும் அப்பால், நூல் இழுத்தது போல ஒரு கோடு.

நம்ம கடல் தெரிகிறது மாமு. எண்ணூர்ப் புகைபோக்கி தெரிந்தது. ராயபுரத்து மாதா கோயில் கோபுரமும், அதன்மேல் உட்கார்ந்திருந்த காக்காயும் தெரிந்தன. பாதியாகக் குறைத்துக்கொள் என்பாய். சரி, காக்காயை எடுத்துவிடு. வேண்டுமானால் கோபுரத்தையும் எடுத்துக்கொள்.

கடலில் மட்டும் கை வைக்காதே.