பொட்டு வெச்ச கன்சோல் கேஸ்

8 செப்டம்பர், திங்கள்

காலைல தூறல். வாசல்ல காயப்போட்ட மல்லாட்டைய அள்ளி உள்ள கொட்டினேன். பாதி கடல நனஞ்சிச்சு.

நேத்து பௌர்ணமி. அப்பா வேன்ல தி.மலைக்கு ட்ரிப் மேல ட்ரிப் அடிச்சிட்டு வந்து குறட்டை. அம்மா கிரிவலம் போவல. எந்தப் பௌர்ணமியும் விடாத ஆளு. நான் கூடப் போனா, "இடது ஓரமா நட, இடது ஓரமா நட"ன்னு வழி பூரா கைய இழுத்துனே வரும். இந்த தபா கால் வலியாம். கால் வலி எல்லாம் ஒண்ணும் இல்ல.

எல்லாம் என் கேம் கன்சோல் கேஸுக்கு கம்பெனிக்காரன் குடுத்த பதில் மனுவால வந்தது. சனிக்கிழம தபால்ல வந்துச்சு. அதுல போட்டோ. சர்வீஸ் சென்டர்ல என் கன்சோலக் கழட்டி எடுத்த போட்டோ. மூடி இடுக்குல செவப்பா தூள். "வாடிக்கையாளர் குங்குமம், சந்தனம் போன்ற அன்னியப் பொருட்களைச் சாதனத்தின் மீது பூசியதே பழுதுக்குக் காரணம். வாரண்டி பொருந்தாது."

பொட்டு வெச்சது அம்மா. போன வருஷ ஆயுத பூஜைக்கு. வேனு, மிக்ஸி, கொடுவா, அப்பா ஸ்பேனரு, என் கன்சோலு, எல்லாத்துக்கும் வரிசையா.

அந்த போட்டோவ அம்மா பாத்துடுச்சு. அப்பலேந்து அதிகமா பேசல. நேத்து மட்டும் சொல்லிச்சு: "இந்த வருஷம் நான் எதுக்கும் பொட்டு வெக்க மாட்டேன். உங்கப்பாவ வெச்சிக்கச் சொல்லு."

கடுப்பு. கேம்ல ஆள நடத்தற ஸ்டிக் தேஞ்சி போனதுக்கு குங்குமம் இன்னா பண்ணும்? ஸ்டிக் அடில கருப்பா ஒரு பட்டை இருக்கும், அதுமேல சின்ன முள்ளு ஓடும். பட்டை தேஞ்சா நாம தொடாமலே தொட்ட மாதிரி சிக்னல் போவும், ஆளு தானா நடக்கும். ட்ரிஃப்ட்டுன்னு பேரு. அவ்ளோதான் மேட்டரு. இதுக்கே வெளிநாட்டுல ஆளுங்க கூட்டமா சேந்து கேஸ் போட்டிருக்காங்க. எல்லாம் குங்குமம் வெச்ச ஆளுங்களா?

வியாழக்கிழம வாய்தா. நானே ஆஜராவறேன். வக்கீல் இல்ல. கேஸ் போடறதுலேந்து எல்லாமே வீடியோ பாத்து கத்துக்கினது.

எடுத்துனு போவ:
கன்சோலு
பில்லு
சர்வீஸ் சென்டர் பேப்பரு
தைரியம் (இருந்தா)

9, செவ்வாய்

வெயில். மல்லாட்ட திரும்ப வாசலுக்கு.

கேம் குரூப்ல எல்லாத்தையும் கொட்டினேன். ஆரணி பிரேம் (நேர்ல பாத்ததே இல்ல, ஆனா மூணு கேம் சேந்து முடிச்சிருக்கோம்) ஒரே ஒரு கேள்வி கேட்டான்: "பொட்டு வெக்கறதுக்கு முன்னாடியே ட்ரிஃப்ட் இருந்துச்சுன்னு காட்ட முடியுமா?"

முடியுமே. எனக்கு ஏன் தோணல. போன வருஷம் சேனல்ல போட்ட பழைய வீடியோ எல்லாம் இருக்கே. பாக்குறது மொத்தம் பன்னெண்டு பேரு, அதுல நாலு நானே.

மத்தியானம் பூரா பாத்துனே இருந்தேன். சோறு ஆறிப் போச்சு. என் கொரலு எவ்ளோ கேவலமா இருந்திருக்கு.

கெடச்சிடுச்சு.

கேம்ல மரப்பாலம் சீன். நம்ம வீராங்கனை பாலத்துமேல சும்மா நிக்கிறா. நான் ரெண்டு கையையும் தூக்கி கேமராவுல காட்டுறேன்: "பாருங்க மக்களே, நான் தொடவே இல்ல." அவ பாட்டுக்கு இடது பக்கமா நடக்கறா. நடந்து போயி தண்ணில விழறா. திரும்ப வரா, திரும்ப விழறா. பின்னாடி மாரியாத்தா கோயில் ஸ்பீக்கரு அலறுது. அப்ப அம்மா சத்தம், கதவுகிட்டேந்து: "ஏய், கூழு ஊத்த ஆரம்பிச்சிட்டாங்க. குண்டான எடுத்துனு வாடி. எந்நேரமும் அத்தயே நோண்டினு."

ஆடிக் கூழு!! ஆடி எப்ப, ஆயுத பூஜ எப்ப. நடுவுல ஆவணி பூரா கெடக்கு.

அம்மாவக் கூப்ட்டு காட்டினேன். பாத்துட்டு, "நான் இப்டியா கத்தறேன்"ன்னுது. அப்புறம், "முன்னாடியே கெட்டுதான் இருந்துச்சு, சரி. நான் வெச்சதுல இன்னும் கெட்டுருந்தா?"

"இல்லமா"ன்னு மட்டும் சொன்னேன். நம்பல.

11, வியாழன்

மேகமூட்டம்.

அம்மா நானும் வரேன்னு கெளம்பிடுச்சு. கல்யாணத்துக்குக் கட்டற பச்ச பொடவ. "கோர்ட்டு இல்ல?"ன்னுது. அப்பா வேன்ல எறக்கி உட்டுட்டு, "முடிஞ்சதும் போன் பண்ணுங்க, செங்கம் ரோட்ல சவாரி இருக்கு"ன்னு எஸ்கேப்.

நுகர்வோர் கோர்ட்டு நான் நெனச்ச மாதிரி இல்ல. சின்ன ரூமு. கூண்டு கெடையாது. நடுவுல தலைவர் மேடம், கண்ணாடி போட்டுனு, ரெண்டு பக்கமும் உறுப்பினருங்க. எனக்கு முன்னாடி ஒருத்தரு வாஷிங் மெஷின் கேஸ், ஒருத்தரு பம்பு செட்டு கேஸ். எங்களுது கூப்ட்டப்ப மேடம் பேப்பரப் பாத்துட்டு, "வீடியோ கேமா?"ன்னாங்க. யாரும் சிரிக்கல. அதுவே பெரிய விஷயம்.

கம்பெனி வக்கீலு சென்னைலேந்து வந்திருக்காரு. நல்லா பேசறாரு. "குங்குமம் ஒரு நுண்ணிய தூள், மேடம். எந்த எலக்ட்ரானிக் சாதனத்துக்கும் ஆகாது."

நான் வாயத் தொறக்கறதுக்குள்ள பின்னாடிலேந்து அம்மா எழுந்துடுச்சு. "ஜட்ஜம்மா, பொட்டு வெச்சது நான்தாங்க. புள்ளைக்கு ஒண்ணும் தெரியாதுங்க."

செத்தேன். வக்கீலு டக்குனு, "அவங்களே ஒத்துக்கறாங்க, மேடம்."

மேடம் அம்மாவப் பாத்து, "எதுக்கும்மா வெச்சீங்க?"

"ஆயுத பூஜைங்க. அத வெச்சிதான் புள்ள எடிட்டிங்கு, கம்ப்யூட்டரு எல்லாம் கத்துக்குச்சு. அதுவும் ஆயுதம்தானுங்களே."

மேடம் அத எழுதினாங்க.

அப்புறம் நான், போன்ல அந்த ஆடி வீடியோவோட. பேச்சு திக்குச்சு, போனு திக்கல. வக்கீலு, "இதெல்லாம் இப்ப புதுசா தரக்கூடாது, மேடம்"ன்னாரு. "நீங்க போட்டோவ பதில் மனுவோடதான குடுத்தீங்க? அந்தப் பொண்ணு பதில் சொல்ல வேணாமா? உறுதிமொழியோட பைல் பண்ணிடும்மா"ன்னாங்க மேடம். போட்டேன். ரூமு பூரா மாரியாத்தா பாட்டு. வீராங்கனை நடந்து போயி தண்ணில விழறா. அம்மா கொரலு: "குண்டான எடுத்துனு வாடி."

பம்பு செட்டு கேஸ்காரரு சத்தமா சிரிச்சிட்டாரு. வாஷிங் மெஷினும். அம்மா முந்தானைல மூஞ்ச மூடிக்குச்சு.

மேடம் இன்னொரு தபா போடச் சொன்னாங்க. அப்புறம் வக்கீலக் கேட்டாங்க: "ஆடி மாசமே கேம்ல இந்தப் பொண்ணு தானா நடக்குது. பொட்டு வெச்சது புரட்டாசி. அப்ப ஆடில யாரு இத நடக்க வெச்சது?"

"தூள் நெலமைய இன்னும் மோசமாக்கியிருக்கலாம், மேடம்."

அம்மா கேட்ட அதே கேள்வி.

"தூள் மூடி இடுக்குலதான இருக்கு போட்டோல. ஸ்டிக் பாகத்துக்குள்ள இருக்கற மாதிரி போட்டோ இருக்கா? பரிசோதன அறிக்க?"

வக்கீலு பைலப் பொரட்டினாரு. பொரட்டினாரு. இல்ல.

உத்தரவு 25ஆம் தேதி.

வெளிய வரப்ப வக்கீல்கிட்ட "ஜிஜி சார்"னு சொல்லிட்டேன். மேட்ச் முடிஞ்சா எதிர் டீமுக்குச் சொல்ற பழக்கம், தானா வந்துடுச்சு. "என்னம்மா?"ன்னாரு. "நல்லா வாதாடினீங்க சார்"ன்னேன். மனுஷன் உண்மையாவே சந்தோஷப்பட்டாரு.

14, ஞாயிறு

சாயங்காலம் மழ. உறுதிமொழி பேப்பர் நேத்தே தபால்ல அனுப்பியாச்சு.

வெயிட்டிங். லோடிங் ஸ்கிரீன்லயே நிக்கிற மாதிரி.

ஊர் பூரா தெரிஞ்சிடுச்சு. மளிகக்கட அண்ணன் அம்மாவப் பாத்து, "இன்னாக்கா, குண்டான் எடுத்துனு வந்தியா?" அம்மா: "உன் கடைக்கு எடுத்துனு வந்தா நெறைய மாட்டேங்குதே, எடக்கல்லு கம்மி." சிரிப்பு. ரொம்ப நாள் கழிச்சி அம்மா எதிர்ப்பேச்சு பேசிக் கேக்கறேன்.

ஆனா பூஜைக்கு சாமான் வாங்க அப்பாவதான் அனுப்புது.

25, வியாழன்

வெயில் சுள்ளுன்னு. ஜெயிச்சிட்டோம்.

ஜெயிச்சிட்டோம்!!

புதுசு மாத்தித் தரணும், இல்லாட்டி பணத்தத் திருப்பித் தரணும். செலவுக்கும் தனியா. குரூப்ல போட்டேன், பிரேம் ஒரே பட்டாசு எமோஜி.

காப்பி வாங்க ஆபீஸ் ரூமுக்குப் போனோம். பழைய பிரிண்டரு, மெதுவா உறுமினு ஒவ்வொரு பக்கமா தள்ளுது. அது நெத்தில போன வருஷத்து சந்தனப் பொட்டு, காஞ்சி வெடிச்சி, நடுவுல குங்குமம். நான் அம்மாவப் பாத்தேன். அம்மா பிரிண்டரையே பாத்துனு இருந்துச்சு. கடைசி பக்கம் வர வரைக்கும்.

பஸ்ல அந்தப் பக்கத்தத் தமிழ்ல சொன்னேன். "பூஜைக்காகப் பொட்டு வைத்ததைத் தவறான பயன்பாடு என்று கருத முடியாது. அதனால் பழுது ஏற்பட்டது என்பதை எதிர்மனுதாரர் நிரூபிக்கவில்லை."

"இன்னொரு தபா சொல்லு."

சொன்னேன்.

"என் பேரு போட்டிருக்கா?"

"மனுதாரரின் தாயார்னு இருக்கு."

"சரி, அது போதும்." அவலூர்பேட்ட ரோடு திரும்பற வரைக்கும் ஜன்னல் பக்கமே பாத்துனு வந்துச்சு. எறங்கறப்ப கடைல நின்னு அதுவே குங்குமம் வாங்குச்சு.

1 அக்டோபர், புதன். ஆயுத பூஜ

வானம் சுத்தம். பொரி, கடல, வெல்லம். பூசணி ஒடைக்கறேன்னு அப்பா சட்டையெல்லாம் செவப்பு.

புதுசு இன்னும் வரல. பழசதான் வரிசைல வெச்சேன், மிக்ஸிக்கும் ஸ்பேனருக்கும் நடுவுல. சும்மா ஆன் பண்ணி, மரப்பாலத்துல நிறுத்தி.

அம்மா கிண்ணத்தோட வந்துச்சு. வேனுக்கு வெச்சிச்சு. கொடுவாவுக்கு, மிக்ஸிக்கு. கன்சோலுகிட்ட வந்து நின்னுச்சு.

"வெக்கட்டா?"

"வைமா. ஸ்டிக் பக்கம் வேணாம், மூலைல வை."

"தெரியும் போடி." மூலைல வெச்சிச்சு, நல்லா பெருசா. வெரல முந்தானைல தொடச்சிட்டு அப்படியே குந்தி திரையப் பாத்துச்சு. இத்தன வருஷத்துல அது கேம நேரா பாக்கறது மொத தடவ.

"யாருமே தொடலியே, நடக்கறா?"

"அதுக்குத்தானமா கேஸு."

வீராங்கனை நடந்துனே இருந்தா. அம்மா கன்னத்துல கை வெச்சி பாத்துனே இருந்துச்சு.

"கிரிவலம் போறாளா இன்னா. இடது ஓரமாவே நடக்கறா, கரெக்டா."