வேட்டைப் பங்கு

அல்மாட்டியில் இருக்கும் தில்னாஸுக்கு மெருவெர்த் எழுதுவது.

நலமா என்று கேட்டுத்தான் கடிதத்தைத் தொடங்க வேண்டும். கேட்க எனக்கு மனமில்லை. நீ நலமாகத்தான் இருப்பாய். என் எண்ணை உன் கைப்பேசியில் தடுத்து வைத்துவிட்டாய். அதனால் பள்ளி முகவரிக்கு எழுதுகிறேன். வீட்டுக்கு அனுப்பினால் உன் அப்பா பிரித்துவிடுவார். இங்கே எல்லோரும் தூங்குகிறார்கள். போர்வைக்குள் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு எழுதுகிறேன். கையெழுத்து கோணலாகத்தான் இருக்கும்.

"அந்தப் பட்டணத்து ஆளுங்க பேரையே இந்த வீட்டுல எடுக்காதடி" என்று அம்மா சொல்லிவிட்டாள். அதே அம்மாதான் விடுமுறைக்கு நீங்கள் தேசிய வனவிலங்குப் பூங்கா பார்க்க வந்தபோது என் படுக்கையை உனக்கு விரித்துக் கொடுத்தாள். பௌர்சாக் மாவுருண்டைகளைப் பொரியப் பொரியச் சட்டியிலிருந்தே எடுத்துத் தின்றாய். "அத்தை, என்னை இங்கேயே வச்சுக்கோங்க" என்றாய். நான் தரையில் படுத்தேன். என் கோபம் அதற்காக இல்லை.

மறுநாள் பூங்கா வாயிலில் காவலரான என் அப்பா உன் அப்பாவின் துப்பாக்கி உறையைக் கம்பியால் கட்டி முத்திரை வைத்தார். பூங்காவைக் கடந்து வெளியே போன பிறகு முயல் வேட்டை, அதற்கு உரிமம் இருக்கிறது என்று உன் அப்பா தாளைக் காட்டினார். "நல்லா இறுக்கிக் கட்டுங்க ஒராஸ்பெக் அண்ணே, சட்டம்னா சட்டம்" என்றும் சொன்னார். அப்பாவுக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? முத்திரை வைக்கும்போது முகம் சுளிக்காத விருந்தாளியை அவர் பார்த்ததே இல்லையாம். இருக்கைக்கு அடியில் இன்னொரு துப்பாக்கி இருந்தது உனக்கு முன்பே தெரியுமா? இதை மட்டுமாவது எனக்குச் சொல்.

வழிகாட்ட அப்பா என்னை உங்கள் ஜீப்பில் ஏற்றிவிட்டார். பாடும் மணல்மேட்டில் நாம் இருவரும் உட்கார்ந்தபடியே சறுக்கினோம். மணல் உறுமியது, நீ கத்திக்கொண்டே படம் பிடித்தாய். திரும்பும்போதுதான் வண்டியோட்டிய உன் அப்பாவின் நண்பர் பக்கீத் ஒரு மான்கூட்டத்தைப் பார்த்து வண்டியைத் தடத்திலிருந்து திருப்பினார். யாருமே சுடக்கூடாத பாலைமான்கள் அவை. ஒன்று பின்தங்கியது. "விடாத, விடாத, அதுக்கு மூச்சு வாங்குது பாரு!" என்று உன் அப்பா கத்தினார். நீ ஜன்னலுக்கு வெளியே கைப்பேசியை நீட்டி வீடியோ எடுத்துக்கொண்டிருந்தாய். முதலில் நீயும் சிரித்தாய். உன் அப்பா சுட்ட பிறகு நீ சிரிக்கவில்லை. அதை நான் பார்த்தேன். பார்க்காமல் இருந்திருந்தால் உனக்கு எழுதியிருக்க மாட்டேன்.

நான் அலறியதும் உன் அப்பா திரும்பி என்ன சொன்னார் என்று நினைவிருக்கிறதா? "சும்மா இரும்மா. எங்களை உள்ள விட்டதே உங்கப்பாதான். வெளியில தெரிஞ்சா அவர் வேலைதான் போகும்." பிறகு ஒரு சாக்லேட் கொடுத்தார். அது இன்னும் என் கோட்டுப் பையில் கிடக்கிறது. தொடவே அருவருப்பாக இருக்கிறது.

வெளிச்சாலை வழியாகச் சுற்றி நாம் வாயிலுக்கு வந்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது. பின்னால் சாக்கைப் பார்த்ததும், முயல்தான் என்று நினைத்து அப்பா கையை நீட்டி "சிரல்கி!" என்று சிரித்தார். அப்படியென்றால் என்ன என்று நீ கேட்டாய். உன் அப்பாவே விளக்கினார்: "வேட்டை முடிஞ்சு வர்றவனை வழியில பார்த்து இதைச் சொன்னா, பங்கு குடுத்தே ஆகணும். மாட்டேன்னு சொல்றவன் கசாக்கே இல்ல." சொல்லிவிட்டு ஒரு பொட்டலத்தைக் கொடுத்தார். கொடுத்த பங்கை அங்கேயே பிரித்துப் பார்ப்பது மரியாதை இல்லை. அப்பா பிரிக்கவில்லை. பக்கீத் அதைப் படம் பிடித்தார். உன் அப்பாவின் கை என் தோளில் இருந்தது.

உங்கள் வண்டி விளக்கு மறைந்ததும் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பொட்டலத்தைப் பிரித்தார். மான் தொடை. என்னைத் திட்டவில்லை. நேராகத் தொலைபேசியை எடுத்துத் தலைமை அலுவலகத்துக்குத் தானே தகவல் சொன்னார். தில்னாஸ், அவரேதான் சொன்னார்!

இப்போது வழக்கு அவர் மேல். காவலரே மானைக் காட்டிக் கொடுத்தார், பங்கும் கேட்டு வாங்கினார் என்று உன் அப்பா எழுதிக் கொடுத்திருக்கிறார். பக்கீத் எடுத்த படத்தையும் கொடுத்திருக்கிறார்கள். அதில் என் அப்பா கையை நீட்டுகிறார், சிரிக்கிறார். பார்க்கிறவர்கள் வேறு என்ன நினைப்பார்கள்?

நேற்று அப்பாவிடம் யாரோ தொலைபேசியில் பேசினார்கள். வண்டியில் வழிகாட்டியது நான்தான், அப்பா குற்றத்தை ஒத்துக்கொள்ளாவிட்டால் என் பெயரையும் வழக்கில் சேர்ப்போம் என்றார்களாம். சுவருக்கு அந்தப் பக்கம் அப்பா அம்மாவிடம் சொன்னது கேட்டது: "பொண்ணு பேரு காகிதத்துல வரக்கூடாது. வியாழக்கிழமை நானே செஞ்சேன்னு கையெழுத்துப் போட்டுடறேன்." அம்மா அழவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. கையெழுத்துப் போட்டால் அவரைச் சிறைக்குக் கொண்டுபோவார்கள்.

நான் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். நான் அவர் மகள். நீ எடுத்த வீடியோவில் எல்லாம் இருக்கிறது. யார் ஓட்டினார், யார் சுட்டார், யார் அலறினாள் என்று எல்லாம். அழித்திருக்க மாட்டாய் என்று நம்புகிறேன். இந்தத் தாளின் பின்பக்கத்தில் எங்கள் ஆசிரியையின் எண்ணை எழுதியிருக்கிறேன். அவருக்கு அனுப்பு. காலையில் அல்மாட்டிக்குப் போகும் வேன்காரர் இதை எடுத்துப்போகிறார். புதனன்று உன் கையில் இருக்கும்.

உன் அப்பா உனக்கு அப்பாதான். எனக்குத் தெரியாமல் இல்லை. அவர் நீண்ட நாள் வாழட்டும். என் அப்பாவும் எங்கள் வீட்டில் வாழட்டும்.

நீயும் அந்த வேட்டைக்குப் போய்த் திரும்பியவள்தான். வழியில் நின்று கையை நீட்டுகிறேன், தில்னாஸ்.

சிரல்கி.

மெருவெர்த்