வியாழனைக் காட்டப் போய்

மர்பி டவுன், பெங்களூர்
1938 நவம்பர், சனிக்கிழமை

மதிப்பிற்குரிய அப்பாவுக்கு ரெமிஜியஸ் வணக்கத்துடன் எழுதுவது. நான் சுகம். உங்கள் மூச்சிரைப்பும் அம்மாவின் முட்டிவலியும் எப்படி என்று மறைக்காமல் எழுதுங்கள்.

நேற்று மாலை மைதானத்தில் பொதுஜனங்களுக்கு வியாழன் கிரகம் காட்டினோம். தொலைநோக்கிக் குழாய் மிஷன் பள்ளியுடையது, கண்ணருகே வைக்கும் லென்ஸ் கல்லூரியுடையது, தாங்கி எங்கள் பட்டறையில் நான் செய்தது. ஒருவரையொருவர் நம்பாததால் அவரவர் பாகத்தை அவரவரே பூட்டி வைப்பது ஏற்பாடு. ஜனங்கள் வரிசையில் நிற்கிறார்கள், கல்லூரி உதவியாளர் கஸ்தூரிரங்கன் வெறுங்கையோடு வருகிறார்.

"நோட்டீஸ்ல ஸ்கூல் பேரு மேல, எங்க காலேஜ் பேரு கீழயா? லென்ஸ் வராது, ஓய்!"

"வியாழன் நோட்டீஸ் படிக்காது சார், கொண்டாங்க" என்றேன். அவர் அசையவில்லை.

வரிசையில் ஒரு அம்மாள், "ஏம்ப்பா, வெறுங்குழாயைக் காட்டவா எங்களைக் கூப்ட்டே?" என்று கேட்டுவிட்டார். பட்டறைக்கு ஓடி, பழுதுபார்க்க வந்திருந்த சர்வே கருவியின் லென்ஸைக் கழற்றி வந்து, பழுப்புக் காகிதம் சுற்றிக் குழாயில் செருகினேன். எல்லோரும் பார்த்தார்கள். அந்த அம்மாள் வியாழனின் நிலவுகளைப் பார்த்துவிட்டு மறுபடியும் வரிசையில் போய் நின்றார்.

லென்ஸைத் திருப்பி மாட்டும்போது திருகு மரை கெட்டுவிட்டது. அது சர்க்கார் கருவி. பட்டறை சூப்பரின்டெண்டிடம் நானே சொல்லிவிட்டேன், திங்கட்கிழமை விசாரணை. பெரிய விஷயமில்லை, தூக்கம்தான் வரவில்லை.

வேலை நிலைத்தால் நெத்திலிக் கருவாடு பார்சலில் அனுப்புங்கள். ஓட்டல் சோறு தொண்டையில் இறங்குவதில்லை. வேலை போனால் அனுப்ப வேண்டாம், அங்கேயே வந்து சாப்பிட்டுக்கொள்கிறேன். தபால் எடுக்க வந்துவிட்டார்கள், நிறுத்துகிறேன்.

உங்கள் மகன்
ரெமிஜியஸ்