வீடியோவில் இல்லாத பாதி

ஓலோட்,
டிசம்பர் 28

அன்புள்ள பெர்னாட்,

இங்கே எல்லோரும் நலம். கப்பலில் குளிர் எப்படி என்று நீ எழுதவில்லை. உன் அம்மா பின்னிய கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொள். போனில் பேசினால் உன் அம்மா பக்கத்திலேயே நிற்கிறார், அதனால் குளியலறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். அனியோல் மதியத் தூக்கத்தில் இருக்கிறான்.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் வீடியோவைப் பார்த்து வயிறு வலிக்கச் சிரித்ததாக எழுதியிருந்தாய். உன் அப்பா அனுப்பியது பாதிதான்.

எட்டாம் தேதியிலிருந்து அனியோல் நம் கிறிஸ்துமஸ் கட்டை தியோவுக்குச் சாப்பாடு போட்டான். நாமும் சின்ன வயதில் அதற்கு ஊட்டிவிட்டு, கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் பரிசு போடச் சொல்லிக் கம்பால் அடித்தவர்கள்தான். ஆரஞ்சுத் தோல், ரொட்டித் துண்டு, தன் பங்குப் பால்கூட. அது முகம் வரைந்த மரக்கட்டை என்று அவனுக்கு யார் சொன்னது? போர்வையை இழுத்துப் போர்த்தி, முத்தம் கொடுத்துவிட்டுத்தான் படுப்பான். பதினேழு நாள் ஊட்டி வளர்த்ததை, கையில் கம்பைக் கொடுத்து அடி என்றால் இரண்டரை வயதுப் பிள்ளை என்ன செய்யும்?

பதினான்கு பேர் சுற்றி நின்று பாடினார்கள். "அடிடா ராஜா, அடிச்சாத்தான் பரிசு போடும். அப்பாவுக்கு அனுப்பணும்ல" என்றார் உன் அம்மா. அவன் கம்பைப் போட்டுவிட்டுக் கட்டையின் மேல் குப்புறப் படுத்துக்கொண்டான். எல்லோரும் சிரித்தார்கள். உன் அப்பா அவனைத் தூக்கி நிறுத்தி, அவன் கையைத் தன் கைக்குள் பிடித்து அடித்தார். நீ பார்த்தது அந்த அடிகளை.

பிறகு பரிசுகள். ஒரு பொம்மை வண்டியின் சக்கரத்தைச் சுழற்றிப் பார்ப்பதற்குள் அடுத்தது மடியில் விழுந்தது. ஏழாவதில் காதைப் பொத்திக்கொண்டான். ஒன்பதாவதில் உன் அம்மாவின் கையைக் கடித்தான். அப்புறம் வாந்தி. வளர்த்த லட்சணம் என்று உன் அக்கா சொன்னதும் வீடியோவில் இல்லை.

மீதிப் பொட்டலங்களைத் துணி துவைக்கும் இயந்திரத்துக்குள் ஒளித்தேன். என்னைத் தவிர இந்த வீட்டில் யாரும் திறக்காதது அதுதான். நாளுக்கு ஒன்று கொடுத்தேன். முதல் நாள் ஒரு மரப்பசு. பொழுதுக்கும் அதை மேய்த்துக்கொண்டு சத்தமில்லாமல் இருந்தான். மூன்றாம் நாள் நான் கையால் துணி துவைப்பதைப் பார்த்து உன் அம்மா சந்தேகப்பட்டு இயந்திரத்தைத் திறந்துவிட்டார்.

"பிள்ளைக்கு வந்ததைப் பதுக்கி வைக்கறியே ரொசேர், நீயெல்லாம் ஒரு தாயா?" என்று கேட்டார். கேட்டுவிட்டு அவரே அழுதார். அக்டோபரிலிருந்து ஆசை ஆசையாக வாங்கிச் சேர்த்தவர். கெட்டவராக இருந்தால் சண்டை போட்டுவிட்டு எப்போதோ கிளம்பியிருப்பேன்.

ஜனவரி ஆறு, பிள்ளைகளுக்கு மறுபடியும் பரிசு கொடுக்கும் மூன்று ராஜாக்களின் நாள் வருகிறது. அதற்கென்று அலமாரியின் மேல் இன்னும் இருபத்திரண்டு பொட்டலங்கள். நீ போனில் பார்க்கப் பார்க்க அத்தனையும் பிரிக்க வேண்டுமாம். பளபளக்கும் தாளைக் கண்டாலே அனியோல் என் பின்னால் ஒளிகிறான். வேண்டாமே என்று வாயெடுத்தால், "எம்புள்ள வருஷத்துக்கு ஒருநாள் அவன் சிரிக்கறதைப் பார்க்கட்டுமே" என்கிறார். உன் பெயரைச் சொன்ன பிறகு நான் என்ன பேச முடியும்?

ஒரு போன் போடு. அன்று வீடியோ வேண்டாம், ஒரு பொட்டலம் போதும் என்று உன் வாயால் சொல். நான் கேட்டதாகச் சொல்லாதே.

அவன் எப்போது சிரிக்கிறான் தெரியுமா? காலையில் நான் சாக்ஸ் மாட்டிவிடும்போது, உள்ளங்காலில் விரல் பட்டதும். அதை யாரும் படம் பிடிப்பதில்லை. கடல் உன்னைப் பத்திரமாக வைத்திருக்கட்டும். மார்ச்சில் அடுத்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால், ஒரே ஒரு காலை அந்தச் சாக்ஸை நீ மாட்டிவிட்டுப் பார்.

உன்,
ரொசேர்