அமெரிக்க இன்ஜினியர்

ராஸ் லஃபான், கத்தார்
மார்ச் 2006

பாப்பா அம்மாவுக்கு,

இங்கே புதிதாக வந்த அமெரிக்க இன்ஜினியர் கறுப்பினத்தவர். டிவியில் அவரைப் போன்றவர்களைத் திருடர்களாகவே பார்த்திருந்ததால், முதல் நாளே என் பர்ஸை ஒளித்துவைத்தேன்.

போன வாரம் எங்கள் சைட் ஸ்டோரில் கேபிள் சுருள் காணாமல் போனது. மேனேஜர் கேட்டதும், "அவருதான் சார், நான் பாத்தேன்" என்று சொல்லிவிட்டேன். எல்லோர் முன்னாலும் அவர் பையைக் கொட்டிச் சோதித்தார்கள். ஒன்றுமில்லை.

"நிஜமாகவே என்னைப் பார்த்தாயா?" என்று கேட்டார். நான் ஸ்டோருக்குள் நழுவிவிட்டேன். மறுநாளே வேலையை விட்டுப் போய்விட்டார்.

நேற்று அந்தச் சுருள் வேறொரு சைட்டில் கிடைத்தது. "கலாஸ், முடிஞ்சுபோச்சு, விடுப்பா" என்கிறார் மேனேஜர்.

டிவியில் வருகிறவர்களெல்லாம் சிவப்பாக இருக்கிறார்கள் என்று பாப்பா அழுவதாகவும், வெளுக்கிற கிரீம் வேண்டுமென்றும் எழுதியிருந்தாய். நான் வாங்கவில்லை. அவள் காரணம் கேட்டால் இதில் எதையும் சொல்லாதே.

இப்படிக்கு,
அவளுடைய அப்பா