சாவி வேண்டாம் என்று சொன்னேன்

ஒரகடம்
ஞாயிறு மதியம்

அன்பு மகள் லிசாவுக்கு அம்மா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம். மஸ்கட்டில் நீயும் அப்படியே இருக்க வேண்டும் என்று காலையும் மாலையும் ஜெபிக்கிறேன். தினமும் போனில் பேசுகிற அம்மா எதற்காகக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் நான் பாதி சொல்வதற்குள் "வுடும்மா, அந்தப் பேச்சே எடுக்காத" என்று வைத்துவிடுகிறாய், காகிதத்தை அப்படி வைக்க முடியாதல்லவா. லீவு முடிந்து உன் ஆஸ்பத்திரிக்கே திரும்புகிற தங்கமாரி கையில் இதையும் மிளகாய்த்தூளையும் எள்ளுருண்டையையும் கொடுத்தனுப்புகிறேன். எள்ளுருண்டையைத் தின்றுகொண்டே முழுதும் படி. அப்பாவுக்கு இந்த மாதம் பகல் ஷிஃப்ட்தான், கால் வீக்கம் குறைந்திருக்கிறது, இருங்காட்டுக்கோட்டைக்குக் கம்பெனி பஸ்ஸிலேயே போய் வருகிறார். இங்கே மழை பிடித்துக்கொண்டது, மாடித் துணி மூன்று நாளாகக் காயவில்லை.

நாம் ஃபிளாட் எடுத்த அதே கட்டிடத்தில் ஜோ மாமா குடிபோனபோது நடந்த வீட்டுப் பிரதிஷ்டை ஜெபத்தின் போட்டோவைப் பார்த்துவிட்டு "எல்லாரும் குடி போயிட்டாங்க, நீ மட்டும் கேன்சல் பண்ணிட்டு நிக்கிற" என்று அழுதாய். அதற்குப் பதிலை இப்போது சொல்கிறேன். வாலாஜாபாத் ரோட்டு ஃபிளாட்டுக்கு நாம் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தின் பத்தொன்பதாம் பக்கத்தில் ஒரு தேதி இருந்தது, 2022 மார்ச் முப்பத்தொன்று. அந்த மார்ச்சில் நான் போய்ப் பார்த்தபோது தூண்கள்தான் நின்றன. அடுத்த மார்ச்சில் லிஃப்டுக்கு விட்ட பள்ளத்தில் தண்ணீர் தேங்கித் தவளை கத்தியது. அதற்கடுத்த வருஷம் சைட் ஆபீஸ் மேனேஜர் சக்திகுமார் எங்களைக் கூப்பிட்டு பாதாம் பால் கொடுத்து ஒரு தாளை நீட்டினார். கட்டி முடிக்கக் கூடுதல் காலம் எடுத்துக்கொள்ள எங்களுக்குச் சம்மதம், பிறகு எந்தக் கோரிக்கையும் வைக்க மாட்டோம் என்று அதில் அச்சடித்திருந்தது. "எல்லாரும் போட்டுட்டாங்கம்மா, நீங்கதான் பாக்கி" என்றார். அப்பா பேனாவை எடுத்துவிட்டார். "போட்டுரு ரூத், இவங்களோட மல்லுக்கட்ட நம்மளால ஆவுமா" என்றார். நான் பேனாவை வாங்கி என் பைக்குள் போட்டுக்கொண்டேன். சத்துணவு மையத்தில் இருபத்தாறு வருஷம் அரிசி மூட்டைக்கும் முட்டைக்கும் பதில் சொன்னவள் நான், படிக்காமல் எதிலும் கையெழுத்துப் போட்டதில்லை, படித்த பிறகு இதில் போடுவேனா? பணத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்றேன். கேன்சல் செய்தால் பத்து சதவீதம் பிடித்துக்கொள்வோம் என்றார், வட்டியா, அதெல்லாம் கிடையாது என்று சிரித்தார். அந்தச் சிரிப்புதான் என்னைச் சென்னைக்கு பஸ் ஏற வைத்தது.

சொன்ன தேதியில் வீட்டைத் தராவிட்டால், வாங்குகிறவர் விலகிக்கொண்டு போட்ட பணத்தை வட்டியோடு கேட்கலாம் என்று ரியல் எஸ்டேட் சட்டத்தில் பதினெட்டாவது பிரிவு இருக்கிறது. இல்லை, எனக்கு வீடுதான் வேண்டும் என்றால், தாமதமான ஒவ்வொரு மாதத்துக்கும் வட்டி வாங்கிக்கொண்டு காத்திருக்கலாம். எது வேண்டும் என்று சொல்கிற உரிமை நமக்குத்தான், கட்டுகிறவருக்கு இல்லை. இந்த வழக்குகளை விசாரிக்கிற சென்னை ரியல் எஸ்டேட் ஆணையத்தில் மனுப் போட்டேன். வக்கீல் வைக்கவில்லை, ரசீதையெல்லாம் வரிசையாக ஒட்டி நானே கொண்டுபோனேன். அதன் பிறகுதான் சைட்டில் ராப்பகலாக வேலை நடந்தது, பெயின்ட் அடித்தார்கள், புல் நட்டார்கள். கடைசி விசாரணையில் அவர்கள் வக்கீல் ரிப்பன் கட்டிய சாவிக்கொத்தை மேசைமேல் வைத்து, "வீடு ரெடியா இருக்கு, சாவி இதோ இருக்கு. இந்த அம்மா மனசு மாறிட்டாங்க, அதுக்கு நாங்க வட்டி கட்டணுமா?" என்று கேட்டார். நான் எழுந்து நின்றேன். "ஐயா, பத்தொன்பதாம் பக்கத்துல தேதி போட்டிருக்கு. அந்தத் தேதியில இந்தச் சாவி எங்க இருந்துச்சு? அன்னிக்கு அங்க பூட்டுறதுக்குக் கதவே இல்ல. எனக்குச் சாவி வேணாம்" என்றேன். விசாரித்தவர், இப்போது வீடு தயாராகிவிட்டதே, வேண்டாம் என்பதற்குத் தனியாக ஏதும் காரணம் உண்டா என்று கேட்டார். "காரணம் சொல்லணும்னு சட்டத்துல இருக்குதுங்களா?" என்று கேட்டேன். அவசியமில்லை அம்மா, உட்காருங்கள் என்றார். திரும்பி வருகிறபோது அப்பா தாம்பரத்தில் இறங்கி எனக்கு பிரியாணி வாங்கிக் கொடுத்து நான் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். தீர்ப்பு நம் பக்கம் வந்தது. அதற்கப்புறமும் இழுத்தடித்தார்கள், வசூல் செய்து தரச் சொல்லி மறுபடியும் மனுக் கொடுத்தேன், போன மாதம் வட்டியோடு கொடுத்துவிட்டார்கள். செவ்வாய்க்கிழமை வங்கிக் கடன் முழுதும் அடைந்தது. கடன் முடிந்தது என்று வங்கி கொடுத்த கடிதத்தின் நகலை உள்ளே வைத்திருக்கிறேன், பார்.

அங்கே சொல்லாத காரணத்தை உனக்குச் சொல்கிறேன். "வூடு கைக்கு வந்ததும் வந்துடுறேம்மா, ரெண்டே வருஷம்" என்று விமான நிலையத்தில் சொல்லிவிட்டுப் போனாய். ரெண்டு வருஷத்தில் வீடு வரவில்லை, நீ ஆஸ்பத்திரி ஒப்பந்தத்தில் மறுபடியும் ரெண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டாய். கடன் தவணையை நீயே கட்டினாய், மேலே படிக்க வேண்டும் என்று வாங்கி வைத்த விண்ணப்பம் பீரோவில் அப்படியே கிடக்கிறது. அந்தச் சாவியை நான் வாங்கியிருந்தால் இன்னும் பதினொரு வருஷம் தவணை இருந்தது. பதினொரு வருஷம் நீ அங்கே நோயாளிகளைத் தூக்கிப் படுக்க வைத்துக்கொண்டிருக்க, நான் இங்கே அந்த ஃபிளாட்டின் நீச்சல் குளத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேனா? அந்த ஃபிளாட் விலை இப்போது ஏறிவிட்டது என்கிறாய், ஏறட்டும். நாலு வருஷத்தை நீ கொடுத்துவிட்டாய், அதற்கு எந்தச் சட்டத்திலும் வட்டி கிடையாது. ஐந்தாவது வருஷத்தைக் கொடுக்க உன்னை நான் விடமாட்டேன். நீ என்மேல் கோபப்பட்டால் பட்டுக்கொள், கோபப்படுகிற பிள்ளை பக்கத்தில் இருந்தால் போதும் எனக்கு.

ஜோ மாமாவிடம் முகத்தைத் திருப்பாதே, அவர்களுக்குத் தவணை கட்ட வழி இருக்கிறது, சந்தோஷமாக இருக்கட்டும், ஒரு வாழ்த்து அனுப்பு. தண்ணீர் நிறையக் குடி, நைட் டியூட்டி முடிந்து வெறும் வயிற்றோடு படுக்காதே. உன் போக்கையும் வரத்தையும் ஆண்டவர் காக்கட்டும். ஆஸ்பத்திரியில் உனக்கு மூன்றாவது முறையாக ஒப்பந்தப் படிவம் கொடுத்திருக்கிறார்களாம், தங்கமாரி சொன்னாள். அதில் கையெழுத்துப் போடாமல் திருப்பிக் கொடு. எந்தத் தேதிக்கு விமானம் என்று மட்டும் எழுது, அப்பா லீவு சொல்ல வேண்டும்.

உனக்காக முழங்காலில் நிற்கும் அம்மா,
ரூத் டெனிசன்