உதடு தெரியாத நாட்கள்

20.4.2021
மளிகைக் கடையில் இன்று மூன்று முறை "என்னங்க?" என்று கேட்டேன். கடைக்காரர் பூவரசன் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு மாஸ்க் போட்டிருக்கிறார். இனிமேல் அப்படித்தான் போட வேண்டுமாம். அவர் கத்தியிருப்பார் போல, பின்னால் நின்றவர்கள் எல்லாரும் என்னையே பார்த்தார்கள். கடைசியில் மகள் வினோதினி வந்து கையை ஆட்டிக் காட்டினாள். துவரம்பருப்பு இல்லை. இவ்வளவுதான் விஷயம்.

பதினாறு வயதில் மூளைக்காய்ச்சலில் எனக்குக் காது போனது. அதன்பிறகு உதட்டைப் பார்த்தே கேட்டுப் பழகிவிட்டேன். வேப்பந்தட்டையில் பாதிப் பேருக்கு எனக்குக் காது கேட்காது என்பதே தெரியாமல் இருந்தது. இப்போது எல்லாருக்கும் தெரிந்துவிட்டது.

24.4.2021
வீட்டுக்காரர் அரியலூரில் லோடு இறக்கிவிட்டு சாயங்காலம் வந்தார். வாசலிலேயே மாஸ்க்கைக் கழற்றிவிட்டு, சத்தமே இல்லாமல் உதட்டால் மட்டும், "இன்னிக்கும் ரசமா?" என்றார். எனக்காகக் கண்டுபிடித்த பேச்சு அது. கல்யாண வீட்டில் அத்தனை பேர் நடுவில் யாரையாவது கிண்டல் செய்வார். ஒருத்தருக்கும் கேட்காது. நான் மட்டும் சிரித்து மாட்டிக்கொள்வேன்.

29.4.2021
அவருக்குக் காய்ச்சல். வெயிலில் வண்டி ஓட்டியதுதான் என்கிறார்.

1.5.2021
வெயில் இல்லை. அதேதான்.

நர்ஸ் அனிதா வந்து வெளியில் நின்றே சொன்னாள். வினோதினி கேட்டு போனில் எழுதிக் காட்டினாள். அப்பா முன் அறையில் தனியாக. ஜன்னல் திறந்திருக்க வேண்டும். மூன்று பேரும் வீட்டுக்குள்ளேயும் மாஸ்க் போட வேண்டும்.

"வூட்டுக்குள்ளயுமா?" என்றேன். குரல் அதிகமாகிவிட்டது போல, வினோதினி கையைத் தாழ்த்திக் காட்டினாள். அனிதா தலையை ஆட்டினாள். சரியானதைத்தான் சொல்கிறாள், எனக்குத் தெரியாதா? போட்டுக்கொண்டேன். அவரும் போட்டுக்கொண்டார்.

வெளியில் காது போய் வருஷக்கணக்காகிறது. வீட்டுக்குள் இன்றுதான் போனது.

4.5.2021
தட்டை வாசப்படியில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றேன். துணிக்குப் பின்னால் என்னவோ சொன்னார். புரியவில்லை என்று கையை விரித்தேன். மறுபடி சொன்னார். மறுபடி விரித்தேன். அவருக்கு எழுத வராது. போனில் கட்டைவிரல் படம் மட்டும் அனுப்பினார். நானும் ஒன்று அனுப்பினேன். எதற்கு அனுப்பினோம்?

7.5.2021
அவருக்கு மூச்சு வாங்கியது. ஆம்புலன்ஸ் வந்தது. ஏறப்போகும்போது நின்று, என் பக்கம் திரும்பி மாஸ்க்கை இறக்கினார். உதடு அசைய ஆரம்பித்தது. அதற்குள் அனிதா மாஸ்க்கைப் பிடித்து மூக்குக்கு மேலே ஏற்றிவிட்டாள். கதவைச் சாத்திவிட்டார்கள்.

அவர் அண்ணன் அங்கமுத்து மாமா பக்கத்தில்தான் நின்றார். "உங்க தம்பி என்ன சொன்னாரு?" என்று கேட்டேன். வண்டியைக் காட்டிக் காதைத் தொட்டார். வண்டிச் சத்தத்தில் கேட்கவில்லையாம்.

அனிதாவைக் குறை சொல்ல முடியாது. அவள் மூன்று வயதுப் பிள்ளையை வீட்டில் விட்டுவிட்டுத்தான் வருகிறாள். இருந்தாலும் — ஒரு நிமிஷம். ஒரே ஒரு நிமிஷம்.

10.5.2021
வீடியோ கால். பெரம்பலூரில் ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருத்தி போனைப் பிடித்துக்கொண்டாள். வினோதினி தலையை ஆட்டினாள். அப்பா பேசுவது எதுவும் கேட்கவில்லையாம்.

எனக்குத் தெரிந்தது! ஆக்சிஜன் மாஸ்க் கண்ணாடி மாதிரி இருந்தது. உள்ளே உதடு தெரிந்தது. மூச்சு விட்டால் பனி படிந்து மறைந்துவிடும், இழுத்தால் தெளியும். தெளியும் நேரத்தில் பிடித்துக்கொண்டேன். "நல்லாருக்கேன்." மறைந்தது. தெளிந்தது. "நெசமாத்தான்." மறைந்தது.

அதற்கப்புறம் போன் வேறு பக்கம் திரும்பிவிட்டது.

13.5.2021
அங்கமுத்து மாமா பைக்கில் கூட்டிப்போனார். வழியெல்லாம் கடை அடைப்பு. ஆஸ்பத்திரி வாசலில் நிறையப் பேர் நின்றோம். முழுக்க வெள்ளை உடுப்பு மாட்டிய டாக்டர் வெளியே வந்து, "ராஜவேல்" என்று அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டிருக்க வேண்டும். மாமா முன்னால் போனார். நானும் ஓடினேன். டாக்டர் பேசினார். மாஸ்க், அதற்கு மேல் கண்ணாடித் தகடு. ஒன்றும் தெரியவில்லை.

"சார், எனக்குக் காது கேக்காது சார். செத்த இறக்கிட்டுச் சொல்லுங்க சார், உங்க காலப் புடிக்கிறேன்."

அவர் முடியாது என்று தலையை ஆட்டினார். கண் கலங்கியிருந்தது. எப்படி இறக்குவார்?

மாமாவைப் பார்த்தேன். அவர் மாஸ்க் உள்ளே இழுத்துக்கொண்டது. வெளியே உப்பியது. மறுபடி உள்ளே. பிறகு கண்ணுக்குக் கீழே துணி நனைந்தது.

அப்படித்தான் தெரிந்துகொண்டேன்.

14.5.2021
எங்களுக்கு அவர் முகத்தைக் காட்டவில்லை.

11.7.2021
வினோதினி மாஸ்க்கைக் கழற்றுவதில்லை. குளித்துவிட்டு வரும்போதே போட்டுக்கொண்டு வருகிறாள். நாம ரெண்டு பேருதானே இருக்கோம் என்றேன். போனில் எழுதிக் காட்டினாள்: "என்னால உனக்கு வந்துட்டா எனக்கு யாரும்மா இருக்கா?"



2.4.2022
கடைத்தெருவில் பாதிப் பேர் மாஸ்க் போடவில்லை. பூவரசனுக்கு மீசை நரைத்துவிட்டது. என்னைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் நின்ற பெண்ணிடம், "ராஜவேல் சம்சாரம், பாவம்" என்றார். நன்றாகத் தெரிந்தது. பருப்பை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

வினோதினி ஸ்கூலிலிருந்து மாஸ்க்கோடுதான் வந்தாள். பஸ்ஸில் கூட்டமாம். ராத்திரி வரைக்கும் கழற்றவில்லை. நான் கேட்கவும் இல்லை.

24.4.2022
கொல்லையில் கடலை பிடுங்கினார்கள் என்று அங்கமுத்து மாமா ஒரு பை பச்சைக் கடலை கொடுத்துவிட்டார். உப்புப் போட்டு அவித்தேன். வினோதினி எதிரில் வந்து உட்கார்ந்தாள். மாஸ்க்கைத் தாடையில் தொங்கவிட்டுக்கொண்டு உரித்து உரித்துத் தின்றாள். அவித்த கடலை சீக்கிரம் தீராது. நடுவில் ஏதோ நினைத்துச் சிரித்தாள். அம்பிகா டீச்சர் போர்டில் எழுதிக்கொண்டே தன் பெயரைத் தப்பாக எழுதிவிட்ட கதை. "க்ளாஸே சிரிச்சிச்சும்மா, அவங்களும் சிரிச்சிட்டாங்க." மேலுதட்டில் ஒரு கடலைத் தோல் ஒட்டியிருந்தது. துடைக்கச் சொல்லவில்லை. ஒரு சொல்கூட விடாமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தட்டு காலியானதும் கையைக் கழுவிக்கொண்டு மாஸ்க்கை ஏற்றிவிட்டாள்.

பையில் இன்னும் பாதிக் கடலை இருக்கிறது.